பக்கவிளைவு இல்லாத மையம்

மாத்திரை போட ஆரம்பித்த நாலாவது நாள், அம்பத்தூர் எஸ்டேட்டில், பவர் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றிருந்த துலுக்கானத்துக்குத் தலை சுற்றியது. கை உள்ளே இருக்கும்போது சுற்றியிருந்தால் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கும். தகட்டை எடுத்துக் கையை வெளியே இழுத்த பிறகுதான் சுற்றியது. எண்பது டன் பிரஸ் இறங்கி ஏறியது. பக்கத்திலிருந்த தூணைக் கட்டிக்கொண்டு, காலையில் தின்ற இட்லி மேலே வருமா கீழேயே இருக்குமா என்று காத்திருந்தான்.

அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. கள்ளிக்குப்பத்தில் வாடகை வீடு. குடலிறக்க ஆபரேஷனுக்கு ரத்தம் எடுத்தபோதுதான் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. மனைவி நாகவல்லியையும் சோதித்தார்கள். அவளுக்கு இல்லை. அவள் ஐந்து நாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆறாம் நாள் அவன் சாப்பிட்டு முடித்ததும் மாத்திரை டப்பாவையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

எச்.ஐ.வி. மாத்திரை கொடுத்த ஏஆர்டி மையம் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. அங்கே மனோகரன் என்கிற கவுன்சிலர், ஸ்டேஷனில் ரயில் தாமதம் அறிவிக்கிற குரலில், ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டியிருந்தார். குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மை ஏற்படலாம். ஏற்பட்டால் மாத்திரையை நிறுத்தாமல் உடனே மையத்தை அணுகவும். படித்தாயிற்று என்பதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அதே பெஞ்சில் கையெழுத்துப் போட்ட இன்னொருத்தன் ஜெகதீசன். கோவில்பதாகையில் தங்கி, புது அடுக்குமாடிகளுக்குக் கயிற்றுத் தொட்டிலில் தொங்கியபடி பெயின்ட் அடிக்கிறவன். இருபத்தாறு வயது. துலுக்கானத்துக்கு 4117, அவனுக்கு 4118. பேர் சொல்லிக் கூப்பிட்டால் ரகசியம் போய்விடும் என்பதால் நம்பர். அந்த நம்பரை வாட்ச்மேன் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார். “ஏஆர்டி நாலாயிரத்து நூத்திப் பதினேழு!”

ஆக, அணுகவும் என்று சொன்னார்களே என்று துலுக்கானம் மறுநாள் லீவு போட்டுவிட்டு அணுகினான்.

வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். ‘பக்கவிளைவு இல்லாத மையம். இன்றுடன் 212 நாட்கள்.’ இந்த மாதிரிப் பலகையை அவன் பார்க்காதவன் இல்லை. அவன் வேலை செய்யும் கம்பெனியிலும் விபத்து இல்லாத நாட்கள் என்று ஒன்று தொங்குகிறது. போன வருஷம் ஒருத்தனுக்கு இரண்டு விரல் போனபோது, விரல் போனது டீ டைமில் என்று எழுதி, பலகையைக் காப்பாற்றிவிட்டார்கள்.

“இன்னா சார், வவுத்தப் பொரட்டிகினே கீது. ராவெல்லாம் தூக்கம் இல்ல. மிஷினாண்ட நிக்கசொல்லோ கண்ணு இருட்டுது,” என்றான்.

மனோகரன் சுற்றுமுற்றும் பார்த்தார். “மெதுவா பேசுங்க. வெளிய பலகையப் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன் சார்.”

“அப்புறம்?”

மனோகரன் கெட்ட மனிதர் இல்லை. இறங்கி வந்து விளக்கினார். “நீங்க சொல்றது புகார். ஸ்டாஃப் யாராவது கண்ணால பார்த்தாத்தான் அது அறிகுறி. அறிகுறின்னு ஆனாத்தான் டாக்டர்கிட்ட அனுப்ப முடியும். இங்கயே வாந்தி எடுத்துக் காட்டிடுங்க, நான் மேற்கொண்டு பார்க்கறேன்.”

நர்ஸ் ஒரு எவர்சில்வர் பேசினைக் கொண்டுவந்து கொடுத்தாள். வராந்தா பெஞ்சில் பேசினை மடியில் வைத்துக்கொண்டு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் பேசினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அரை மணிக்கு ஒரு தரம் மனோகரன் வந்து, “இன்னும் இல்லையா?” என்று கேட்டு, அட்டையில் ‘இல்லை’ என்று எழுதினார். பஸ்ஸிலும் மிஷினடியிலும் கேட்காமலே வந்தது, வா வா என்று கூப்பிட்டபோது வரவில்லை.

ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஒண்ணு பத்துக்கு வந்தது.

இரண்டு மணிக்குத் திரும்பிய மனோகரன் பேசினைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வருத்தப்பட்டார். “பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? இப்ப இது உங்களோடதுதான்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?”

“என்னுதுதான் சார்.”

“நான் பாத்தேன்,” என்றது ஒரு குரல். பெஞ்சின் அந்தக் கோடியில் கறுப்பு புர்காவில் ஓர் அம்மாள், மாத்திரைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். “என் எதிர்லதான் எடுத்தாரு. பாவம், கொடலே வந்துடுமோன்னு இருந்துச்சு.”

“நோயாளி சாட்சி செல்லாதும்மா,” என்றார் மனோகரன். இருந்தாலும் மனசு கேட்காமல், “தனிப்பட்ட முறையில” என்று சொல்லி அவனைத் தலைமை மருத்துவர் வரலட்சுமியிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் வரலட்சுமியின் மேஜையில் கேடயங்கள் இருந்தன. நோயாளி உட்கார நாற்காலி இருந்தது. அதன் மேலும் ஒரு கேடயம் இருந்தது. துலுக்கானம் நின்றுகொண்டே சொன்னான். அந்தம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

“உங்களுக்கு இருக்கறது பக்கவிளைவு இல்ல. அதுக்கு இப்ப பேர் ‘மருந்தேற்பு அனுபவம்’. போன ஏப்ரல்லயே மாத்திட்டோம். பக்கவிளைவுன்னு சொன்னா ஜனங்க பயந்து மாத்திரைய நிறுத்திடறாங்க. அதனால நாங்க சொல்றதில்ல. சொல்லாததால யாரும் புகார் பண்றதில்ல. நிறுத்தறவங்களும் வந்து, நிறுத்திட்டோம்னு சொல்றதில்ல. எல்லாருக்கும் நிம்மதி.”

“அது சரி மேடம். நான் பிரஸ்ல வேல செய்றேன். சுத்துற நேரத்துல கை உள்ள போச்சுன்னா அவ்ளோதான். ரெண்டு வாரத்துக்கு லேசான வேல குடுக்கச் சொல்லி ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா போதும். சீக்கு பேரு போட வாணாம்.”

“தாராளமா,” என்றார் டாக்டர். அவன் எதிர்பார்க்கவே இல்லை. அந்தம்மாள் டைப் அடிக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். வெளியே வந்து படித்தான். ‘இந்நபருக்கு மருந்தினால் எவ்விதப் பக்கவிளைவும் இல்லை. இரவுப் பணி உள்ளிட்ட அனைத்துக் கடினப் பணிகளுக்கும் முழுத் தகுதி உடையவர்.’ அடியில் ‘எய்ட்ஸ் கட்டுப்பாடு’ என்று வட்ட முத்திரை, மூன்று இடத்தில்.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று அதைப் பொடிப்பொடியாகக் கிழித்துக்கொண்டிருந்தபோது, புர்கா போட்ட அம்மாள் வந்தாள். பேர் ஜமீலா. பூந்தமல்லியில் பிளவுஸ் தைக்கிறவள். வீட்டுக்காரர் இறந்த பிறகு ஆறு வருஷமாக மாத்திரை போடுகிறாள்.

“எப்ப போடுற தம்பி?”

“ராவுல. துன்னுட்டு.”

“காலைக்கு மாத்திடு. தூக்கம் கெடுறது பாதி அதனாலதான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பேய்க்கனாவா வரும். இட்லியோ கஞ்சியோ எதுனா சாப்புட்டுட்டு, தினம் அதே நேரத்துக்குப் போடு. எண்ணெயில பொரிச்சது கொஞ்ச நாளைக்கு வேணாம். தண்ணிய மடக்கு மடக்காக் குடி.”

“வவுறு எரியுதுன்னு மெடிக்கல்ல பிங்க் கலர்ல ஒரு தண்ணி வாங்கிக் குடிச்சேன்க்கா.”

“அத இதோட சேத்துக் குடிக்காத. சத்து மாத்திரையும் அப்படித்தான். இந்த மாத்திரை வேலை செய்யாமப் போயிரும். எது போட்டாலும் டாக்டரக் கேட்டுட்டுப் போடு.” சொல்லிவிட்டு, எந்த டாக்டரை என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும், கொஞ்சம் நிறுத்தினாள். “ரெண்டு மூணு வாரம் பல்லக் கடிச்சுக்க. முக்காவாசிப் பேருக்கு அடங்கிரும். உடம்பு தடிச்சுக் காய்ச்சல் வந்தா, கண்ணு மஞ்சளாப் போனா, அப்ப பொறுக்காத, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. நிறுத்த மட்டும் நிறுத்திராத.”

இவ்வளவுதான். மொத்தமே ஒரு டீ ஆறுகிற நேரம். மூன்று மணி நேரம் பேசினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு இதைச் சொல்ல அந்தக் கட்டடத்துக்குள் ஓர் ஆள் இல்லையே என்று நினைத்தபோது துலுக்கானத்துக்கு அழுகை வந்தது. குமட்டல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சமாளித்தான்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், வயிறு சரியில்லை, தலை சுற்றுகிறது, விரல் போய்விடும்போல் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான். என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை. அந்த மாதம் கம்பெனிக்குப் பாதுகாப்பு விருது வருவதாக இருந்தது. சூப்பர்வைசர் அவனைத் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போய்ப் பேக்கிங்கில் விட்டார். ஒரு பலகை அவன் விரல்களைக் காப்பாற்றியது. இன்னொரு பலகை என்ன செய்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜமீலா சொன்னபடியே ஆயிற்று. இரண்டாவது வாரம் தூக்கம் வந்தது. மூன்றாவது வாரம் அவன் இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டான். நாகவல்லி ஊற்றினாள், “மெதுவாத் துன்னு,” என்றாள். ஒரு மாதத்தில் அவள் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

அடுத்த மாத்திரை வாங்கப் போன அன்று மையத்தில் தோரணம் கட்டியிருந்தது. மாநில மதிப்பீட்டுக் குழு என்று மூன்று அதிகாரிகள் வந்திருந்தார்கள். மனோகரன் துலுக்கானத்தைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“உங்க புகார ‘மனநிறைவுடன் முடிக்கப்பட்டது’ன்னு க்ளோஸ் பண்ணியிருக்கோம். ரெண்டு வார்த்தை பேசணும். திரைக்குப் பின்னால நின்னுதான். ரகசியம் நூறு சதவீதம்.”

“நமக்குப் பேச வராது சார். மாத்திரைய குடுங்க, நான் போறேன்.”

“நிகழ்ச்சி முடிஞ்சதும்தான் மாத்திரை கவுன்ட்டர் திறப்பாங்க,” என்றார் மனோகரன், கொஞ்சம் கூச்சத்தோடு.

ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். துணி முழங்கால் வரைதான் இருந்தது. கீழே அவனுடைய கால்களும் ரப்பர் செருப்பும் கூட்டத்துக்கு நன்றாகத் தெரிந்தன. மனோகரன் மைக்கைப் பிடித்தார். “அடுத்ததாக, தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள விரும்பாத ஒரு பயனாளி, கள்ளிக்குப்பம் ரேஷன் கடைத் தெருவில் வசிப்பவர், அம்பத்தூரில் பிரஸ் ஆபரேட்டராகப் பணிபுரியும் நாற்பத்து மூன்று வயது ஆண், தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வார். வாங்க துலுக்கானம்.”

கையில் கொடுத்திருந்த காகிதத்தில் ‘எனக்கு எந்தப் பக்கவிளைவும் ஏற்படவில்லை’ என்று இருந்தது. துலுக்கானம் அதைப் பார்த்தான். துணிக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

“எனக்கு வாந்தி வந்துச்சு சார். சுத்திச்சு. தூக்கம் இல்ல. மிஷின்ல கை போயிருக்கும். இங்க பேசினக் குடுத்து குந்த வெச்சாங்க. பூந்தமல்லி ஜமீலாக்காதான், காலைல துன்னுட்டுப் போடுன்னு சொல்லிச்சு. இப்ப சரியாப் பூட்சு. அத மொதல்லயே இங்க சொல்லியிருந்தா இன்னா சார்?”

டாக்டர் வரலட்சுமி மைக்கை வாங்கிக்கொண்டார்.

“பயனாளி ‘இப்போது சரியாகிவிட்டது’ என்று சொன்னதைக் குழு குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். வாந்தி போன மாதத்தியது. போன மாத அறிக்கை ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது. ஒரு விஷயம் பெருமையோடு சொல்கிறேன். நான் பொறுப்பேற்றபோது இங்கே மாதம் அறுபது புகார்கள். மருந்து அதே மருந்துதான். ஊழியர்கள் அதே ஊழியர்கள்தான். கூடுதலாக ஒரு ரூபாய்கூட நாங்கள் கேட்கவில்லை. படிவத்தை மட்டும்தான் மாற்றினோம். இன்றைக்குப் புகார் பூஜ்யம்.”

குழுத் தலைவர் முதலில் கை தட்டினார். இதே படிவத்தை எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பலாமே என்றார். நிகழ்ச்சிக் குறிப்பில் ‘பயனாளி நெகிழ்ந்து பேசினார்’ என்று எழுதினார்கள். மறுவாரம் கேட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: அங்கீகாரம் பெறாத நபர்கள் வளாகத்தில் பக்கவிளைவு குறித்துப் பேசுவது தடை செய்யப்பட்டுள்ளது. ஜமீலாவுக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம். மாதம் ஒரு நாள், மாத்திரை வாங்கும் நேரம் தவிர உள்ளே வரக் கூடாது.

“என்னால உனக்கு இப்புடி ஆயிப்போச்சேக்கா,” என்று துலுக்கானம் போனில் சொன்னான்.

“விடு. கேட்டுக்கு வெளிய ரோடு கார்ப்பரேஷனோடது,” என்றாள்.

அவன் மனசை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. விழாவில் நலமாக இருப்பவர்கள் பட்டியல் என்று நம்பர்களை வாசித்தார்கள். 4117-க்கு அடுத்து 4118-ஐயும் வாசித்தார்கள். ஆனால் அன்றைக்கு மாத்திரை வரிசையில் ஜெகதீசன் இல்லை. முதல் நாள் பெஞ்சில் கொடுத்த போன் நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ஞாயிற்றுக்கிழமை ஜமீலாவையும் கூட்டிக்கொண்டு கோவில்பதாகைக்குப் போய், பெயின்டர்கள் தங்கும் அறையை விசாரித்துக் கண்டுபிடித்தான். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஜெகதீசன் மட்டும் பாயில் கிடந்தான். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பேச வாயைத் திறந்தபோது நாக்கெல்லாம் வெள்ளையாக இருந்தது.

“இன்னா நைனா, மாத்திரை போடுறியா?”

“இல்ல அண்ணாத்தே.” அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அஞ்சாவது மாடி. தொட்டில்ல தொங்கிகினு கீறேன், பில்டிங்கே சுத்துது. கயித்தப் புடிச்சிகினு அப்புடியே குந்திட்டேன். எறக்கசொல்லோ பசங்க குடிச்சிட்டு வந்துட்டான்னு சிரிச்சானுங்க. மறுநாளு மையத்துக்குப் போனேன். பேசினக் குடுத்தாங்க. எனக்கும் வரல. அப்ப உனுக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதி அனுப்பிட்டாங்க. ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு மாத்திரைன்னு ஏரில வீசிட்டேன்.”

ஜமீலா அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “நாளைக்கே போயாகணும். காய்ச்சல் கொதிக்குது,” என்றாள்.

திங்கட்கிழமை துலுக்கானம் லீவு போட்டுவிட்டு அவனைத் தாங்கிக்கொண்டு போனான். ஜமீலா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். காய்ச்சலுக்கும் வாய்ப்புண்ணுக்கும் உடனே மருந்து கொடுத்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த வியாதிகளுக்குப் பலகை இல்லை. பழைய மாத்திரையை மறுபடி தொடங்குவதற்குத்தான் படிவம் தேவைப்பட்டது.

“நிறுத்தினதுக்குக் காரணம்?” என்றார் மனோகரன்.

“வாந்தி சார். தலைசுத்து.”

“அந்தக் கட்டம் இதுல இல்லையே.” அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்று கட்டம் இருந்தது: மறதி, வெளியூர்ப் பயணம், மதுப்பழக்கம். “மறதின்னு போட்டா மனநலப் பிரிவுக்கு அனுப்பணும், மூணு வாரம் ஆகும். வெளியூர்னா டிக்கெட் கேப்பாங்க. மதுன்னா மூணு நாள் வகுப்புதான், அப்புறம் மாத்திரை வந்துடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“நான் குடிக்கறதில்ல சார்.”

“யாரு குடிக்கிறீங்கன்னு சொன்னது? நான் டிக்தானே பண்றேன்,” என்று மனோகரன் மூன்றாவது கட்டத்தில் டிக் செய்தார்.

மதுவிலக்கு வகுப்பு, சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில். பாடம் நடத்துகிறவர், புதுப் படிவம் நிரப்பப் பயிற்சி கொடுக்க வேறு மாவட்டத்துக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. மேஜை மேல் ஒரு பதிவேடு; அதோடு நூலில் கட்டிய பேனா. வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்து மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கே சேர்ந்த ஜெகதீசன் பன்னிரண்டாவது. எதிர்ச் சுவரில், கல்லீரல் கெட்டுப்போன ஒருவனின் படம் மாட்டியிருந்தது.

துலுக்கானம் வாசலில் கொஞ்ச நேரம் நின்று அந்த முகங்களைப் பார்த்தான். பத்து வருஷமாக டாஸ்மாக் வழியாகத்தான் அவன் வேலைக்குப் போகிறான். குடிக்கிறவர்களின் முகம் அவனுக்குத் தெரியும்.

“கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இங்க குடிக்கிறவங்க யாரு?” என்றான்.

ஒரு பெரியவர் மட்டும் தயங்கித் தயங்கிக் கையைப் பாதி தூக்கினார். எப்போதாவது கல்யாணத்தில் என்றார்.

“வாந்தி எடுத்து மாத்திரைய நிறுத்துனவங்க?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு கையாக மேலே போனது. பெரியவருடையதும் போனது. பன்னிரண்டு கைகள்.

துலுக்கானம் உள்ளே வந்து, பாடம் நடத்துகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்குப் பேச வராது. ராவுலயா காலைலயா போடுறீங்க என்று முதல் ஆளிடம் கேட்டான். அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டு, தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். தெரியாததற்கு எழுந்து கேட்டுக்குப் போய் ஜமீலாவைக் கேட்டுக்கொண்டு வந்தான். அப்படி நாலு தடவை போய் வந்தான்.

ஐந்து மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள். முதல் வரிசையில் இருந்த மங்களம் என்கிற பெண், எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று சொல்லி, தன் பேர் எங்கே இருக்கிறது பார்க்கச் சொன்னாள். துலுக்கானம் பதிவேட்டில் விரலை வைத்துக்கொண்டு போனான். அவள் பேருக்கு மேலே தமிழரசு என்று ஒரு பேர் இருந்தது. மூன்று நாளும் கையெழுத்து இல்லை.

“இவரு யாரு, வரலியா?”

“என் ஊட்டுக்காரரு. ரெண்டு பேருக்கும் ஒண்ணாதான் எழுதுனாங்க. அவரு வகுப்புக்கு வரதுக்கு முன்னாலயே போன வாரம் தவறிட்டாரு,” என்றாள். “அவரு பேருல இன்னாமோ நீட்டா எழுதிக்கீதே, இன்னாது?”

கடைசிக் கட்டத்துக்கு ‘வகுப்பின் பயன்’ என்று தலைப்பு. துலுக்கானம் ஒரு தடவை மனசுக்குள் படித்தான். பிறகு வேறு வழியில்லாமல் வாய்விட்டுப் படித்தான்.

“முழுமையாகக் குடியை விட்டுவிட்டார்.”

மங்களம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவரு குடிச்சதே இல்லியேப்பா,” என்றாள்.

அப்புறம் நூலில் கட்டிய பேனாவை எடுத்து, அதற்குக் கீழ் வரியில், தன் பேருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் மாத்திரை தர மாட்டார்கள்.